அபார்ட்மென்ட் கேட்டுக்கு எத்தனை மீட்டர் தூரம் படிக்கும் டேக் ரீடர் வேண்டும்?

எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில், ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அபார்ட்மென்ட். 280 வீடு. உள்ளே வர ஒரு லேன், வெளியே போக ஒரு லேன், நடுவில் இரண்டடி அகலத்துக்குச் செம்பருத்திச் செடி. அசோசியேஷன் செயலாளர் திருச்சிக்காரர், பொதுத்துறை கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியில் ஒட்டிய டேகைத் தூரத்திலிருந்தே படித்து கேட்டைத் திறக்கும் ரீடருக்கு வந்த மூன்று கோட்டேஷனை மேஜையில் பரப்பினார்.

“தம்பி, ஒருத்தர் 10 மீட்டர்ங்கறார், ஒருத்தர் 15. இவர் 25 மீட்டர் தர்றேங்கறார். விலை எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். 25-ஐயே போட்டுடலாமா?”

“உங்க கேட்டுக்கு 6 மீட்டர் போதும் சார். 25 மீட்டர் போட்டா தெருவுல நிக்கற வண்டிக்கெல்லாம் கேட் திறக்கும்.”

பெங்களூரில் பத்து வருஷத்துக்கு மேலாக கேட், பூம் பேரியர், டேக் ரீடர் என்று மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதே பேச்சு எல்லா அபார்ட்மென்டிலும் நடக்கிறது, ஆட்கள்தான் மாறுகிறார்கள். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

அந்த 6 மீட்டர் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரியர் கட்டை முழுசாக மேலே போக 3 நொடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 3 நொடிக்குள் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆனால் கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருந்தால் யாரும் 5-க்கு மேல் வர மாட்டார்கள். அப்போது 4 மீட்டர் சொச்சம்தான். ரீடர் படித்து, கன்ட்ரோலர் பெட்டி பட்டியலில் சரிபார்த்து, பேரியரைத் தூண்டும் ரிலே சுவிட்ச் விழ இன்னொரு நொடி கூட்டினாலும் 6-க்குள் கதை முடிந்தது. மிச்சம் 19 மீட்டருக்கு ஆசைப்படுவதைவிட ஒரு ரப்பர் ஸ்பீட் பிரேக்கரை வாங்கித் தரையில் போல்ட் அடிப்பது புத்திசாலித்தனம்.

சரி, ரீடரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டியில் எதைப் படிக்கப் போகிறோம்?

பேட்டரி வைத்த ஆக்டிவ் டேகை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 433 மெகாஹெர்ட்ஸிலோ 2.45 கிகாஹெர்ட்ஸிலோ அது தானாகவே ‘நான் இங்கே, நான் இங்கே’ என்று கத்திக்கொண்டிருக்கும். லாரி யார்டு, பஸ் டிப்போ மாதிரி பரந்த இடத்துக்கு அது சரி. அபார்ட்மென்டில், கேட் பக்கத்துப் பார்க்கிங்கில் தூங்குகிற காரும் கத்தும். பேட்டரி தீர்ந்த அன்றைக்கு வீட்டுக்காரரும் கத்துவார்.

நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கு இப்போது நல்ல மவுசு. டேகே வேண்டாம் என்பது பெரிய கவர்ச்சி. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் என்பதால் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறது, கேமரா தடுமாறுவதில்லை. பழைய வண்டிகள்தான் பாடு. கன்னட எண்ணில் எழுதிய பிளேட் வரும், ‘முருகன் துணை’க்கு நடுவில் நம்பரைத் தேட வேண்டிய பிளேட்டும் வரும். காலை எட்டரைக்கு வண்டிகள் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கும்போது பின்னால் நிற்கும் வண்டியின் பிளேட் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றையும்விட, ஒரு அட்டையில் நம்பரை எழுதி ஒட்டினால் கேமரா நம்பிவிடும். கேமராவைச் சாட்சியாக வையுங்கள், சாவியாக வைக்காதீர்கள் என்பது என் கட்சி. விருந்தாளி வண்டிகளைப் பதிவு செய்ய அதைவிட நல்லது கிடையாது.

பேட்டரி இல்லாத சாதாரண ஸ்டிக்கர் டேகில்தான் உண்மையான போட்டி. அசோசியேஷன் தானே ஒரு டேக் வாங்கி ஒட்டுவதா, ஏற்கெனவே கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகையே படிப்பதா?

ஃபாஸ்டேகும் அதே யு.எச்.எஃப். ரேடியோ அலை டேக்தான், ஐ.எஸ்.ஓ. 18000-6சி என்ற சர்வதேசத் தரம். அபார்ட்மென்ட் ரீடர்களும் அதே தரத்தில்தான் வருகின்றன. 2017 டிசம்பரிலிருந்து புது கார்கள் ஃபாஸ்டேகோடுதான் விற்கப்படுகின்றன, 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயம். பெங்களூர்த் தமிழர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அத்திப்பள்ளி டோலைத் தாண்டி கிருஷ்ணகிரி, சேலம் என்று ஓடுகிற கூட்டம். ஃபாஸ்டேக் இல்லாத கார் எங்கே இருக்கிறது? டேக் வாங்க வேண்டாம், வீடு வீடாகப் போய் ஒட்ட வேண்டாம், “கண்ணாடியில இடம் இல்லைங்க” என்ற முனகலும் இல்லை.

ஃபாஸ்டேக் என்று சொன்னதும் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். “நம்ம கேட்டைத் தாண்டும்போதெல்லாம் காசு போயிடுமா?” 2022-இல் சுற்றிய வீடியோவை ஒருவர் எடுத்துக் காட்டுவார். சிக்னலில் கண்ணாடி துடைக்கும் பையன் கையில் கட்டிய வாட்சால் டேகை ஸ்கேன் செய்து பணம் எடுப்பதாக வந்ததே, அது. பொய் வீடியோ என்று அப்போதே விளக்கம் வந்துவிட்டது. டேகுக்குள் காசு கிடையாது, ஒரு எண்தான் இருக்கிறது. காசு பிடிக்க வேண்டுமென்றால் வங்கி வழியாக, நாட்டின் பணப் பரிமாற்ற அமைப்பான என்.பி.சி.ஐ.யின் வலையில் பதிவான சுங்கச்சாவடியாகவோ பார்க்கிங்காகவோ இருக்க வேண்டும். உங்கள் கேட் ரீடர் அந்த எண்ணைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். ஃபாஸ்டேகில் பேலன்ஸ் இல்லாவிட்டாலும் கேட் திறக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, டேக் நம் கையில் இல்லை. 2024 ஆரம்பத்தில் ஒரு பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டதும் ஊரே வேறு வங்கி டேகுக்கு மாறியது. அந்த மாதம் எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே ரகம்: “நேத்து வரைக்கும் திறந்துச்சு சார், இன்னிக்கு என்னை யாருன்னே தெரியலைங்குது.” கண்ணாடி உடைந்து மாற்றினாலும் இதே கதை. அசோசியேஷன் ஆபீஸில் புது டேகைச் சேர்க்க ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டால் எனக்கு வருமானம், உங்களுக்கு நஷ்டம்.

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது, கோட்டேஷன் கொடுப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் பெரும்பாலும் வீகண்ட் 26 என்ற பழைய முறையில் ஒயர் இழுப்பார்கள். அதில் எண்ணுக்குக் கிடைக்கும் இடம் 24 பிட். டேகில் உள்ள எண் 96 பிட். முக்கால் பங்கை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது மாதிரி. அசோசியேஷனின் சொந்த டேக் என்றால் 1, 2, 3 என்று நாமே வரிசை எண் எழுதிக்கொள்ளலாம், மோதல் வராது. ஃபாஸ்டேகில் எண்ணை நாம் எழுத முடியாது, யாருடைய கடைசி 24 பிட் யாரோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஃபாஸ்டேக் என்று முடிவெடுத்தால் ஈதர்நெட் வழியாகவோ ஆர்.எஸ்.485 என்ற இன்னொரு ஒயர் முறை வழியாகவோ முழு எண்ணையும் அனுப்பும் ரீடர்தான் வாங்க வேண்டும்.

டேகில் எழுதிய எண்ணை இன்னொரு வெற்று டேகில் நகலெடுக்கவும் முடியும். சிப் தயாராகும்போதே பொறித்துவிடும் டி.ஐ.டி. என்ற எண்ணை அப்படி மாற்ற முடியாது. அதையும் சேர்த்துப் படிக்கச் சொன்னால் பாதுகாப்பு கூடும், ஆனால் படிக்க நேரம் கொஞ்சம் கூடும், தூரம் கொஞ்சம் குறையும். ஸ்பீட் பிரேக்கர் இருக்கும் கேட்டில் அந்த நஷ்டம் தெரியாது.

ஆக, கார்களுக்கு ஃபாஸ்டேக் என்பது என் தீர்ப்பு. பைக்குகளுக்கு ஃபாஸ்டேக் கிடையாது என்பதால் ஹெட்லைட்டில் ஒட்டும் சொந்த டேக். பைக்கை பேரியருக்கு உள்ளேயே விடாமல் பக்கத்தில் தனி வழி விட்டால் இன்னும் நிம்மதி. ஃபாஸ்டேகைக் கொடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவருக்கும் சொந்த டேக் ஒன்று கொடுத்துவிடுங்கள். எல்லா அபார்ட்மென்டிலும் நாலு பேர் அப்படி இருப்பார்கள், அவர்களோடு மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி ரீடர். ஆன்டெனாவும் ரீடரும் ஒரே பெட்டியில் வருவது ஒரு வகை. ரீடர் தனியாக, ஆன்டெனாக்கள் தனியாக, நடுவில் டி.வி. கேபிள் மாதிரியான கோஆக்ஸ் கேபிள் என்பது இன்னொரு வகை. நாலு ஆன்டெனா வரை மாட்டக்கூடிய நாலு போர்ட் ரீடர் ஒன்றை வாங்கி இரண்டு லேனுக்கும் ஓட்டினால் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கேபிளில் சிக்னல் கரையும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் கிட்டத்தட்ட 5 டெசிபல் (டிபி) போய்விடும், அதாவது அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். தடித்த எல்.எம்.ஆர்.400 என்றால் அதே தூரத்தில் ஒன்றேகால் டிபிதான் நஷ்டம், ஆனால் விலையும் வளைப்பதும் சிரமம். அதோடு, அந்த ஒரே ரீடர் படுத்தால் இரண்டு லேனும் படுக்கும். காலை எட்டரைக்கு அது நடந்தால் செயலாளர் என்ன பாடு படுவார் என்று நான் பார்த்திருக்கிறேன். லேனுக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு நெட்வொர்க் கேபிள், அதிலேயே கரன்ட்டும் போகும் பி.ஓ.இ., சுவிட்சுக்கு ஒரு யு.பி.எஸ். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த அரை நிமிஷத்தில் ரீடர் செத்துப் பிழைக்காமல் இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் எனக்குப் புரிய ரொம்ப நாளானது ஆன்டெனா விஷயம். ஆன்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதற்கு டிபிஐ என்று அளவு. 9 டிபிஐ ஆன்டெனாவின் வீச்சுக் கோணம் சுமார் 70 டிகிரி. 5 மீட்டர் தள்ளி அது 7 மீட்டர் அகலத்துக்கு விரியும். ஒரு லேன் மூன்றரை மீட்டர்தான். அப்படியென்றால் பக்கத்து லேனையும் சேர்த்துத்தான் அது படிக்கும். 12 டிபிஐ ஆன்டெனாவின் வீச்சு சுமார் 40 டிகிரி, 5 மீட்டரில் மூன்றரை மீட்டர் சொச்சம். சரியாக ஒரு லேன். பெரிய ஆன்டெனா என்றால் தூரத்துக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதை ஒடுக்கத்துக்கு வாங்குகிறேன், வாங்கிய பிறகு பவரைக் குறைத்து வைக்கிறேன். சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தபோது போட்ட வரம்பு டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆன்டெனா குவிப்பதைச் சேர்த்து 4 வாட் ஈ.ஆர்.பி. (வெளியே போகும் பவர்). கணக்குப் போட்டால் 12 டிபிஐ ஆன்டெனாவோடு ரீடர் பவர் 26 டிபிஎம்முக்கு (1 வாட் என்பது 30 டிபிஎம்) மேல் போகக் கூடாது. 30-இல் ஓட்டிக் காட்டி “பாருங்க சார் 20 மீட்டர்” என்பவர் உங்களுக்குக் காட்டுவது விதிமீறலை.

பெட்டியைப் பிரித்ததும் பார்க்க வேண்டியதும் இந்த அலைவரிசைப் பட்டையைத்தான். வெளிநாட்டு ரீடர்கள் பல அமெரிக்கப் பட்டையில், 902 முதல் 928 வரை, செட் ஆகி வரும். நம் ஊரில் 890 முதல் 915 வரை மொபைல் போன்கள் டவருக்குப் பேசுகிற இடம். அதை மாற்றாமல் ஓட்டினால் கேட் திறக்கும், பக்கத்து டவருக்குத் தலைவலி போகும். ரீடர் செட்டிங்கில் ரீஜன் என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏணி. ஆன்டெனா தனியாக இருந்தால் அதை மாட்டாமல் ரீடரை ஆன் செய்யவும் கூடாது, பவர் திரும்பி வந்து உள்ளே பொசுக்கிவிடும்.

சோதனைக்கு என் சாமான்கள் ஒரு சாக்பீஸ் டப்பா, அளவு டேப், இரண்டு மீட்டர் மரக்குச்சி, அதன் நுனியில் ஒரு டேக். டேகைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. உடம்பில் இருக்கும் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும், அளவு தப்பாகும். பேரியரிலிருந்து வெளியே மீட்டருக்கு ஒரு கோடு, 10 மீட்டர் வரை. லேனின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் குச்சியை கார் கண்ணாடி உயரத்துக்குத் தூக்கி, நொடிக்கு எத்தனை தடவை படிக்கிறது, சிக்னல் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவேன். அப்புறம் பவரை ஒவ்வொரு டிபியாகக் குறைப்பேன். நடுவில் திடீரென்று ஒரு கட்டத்தில் மட்டும் படிக்காமல் போகும். தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு அலை 35 சென்டிமீட்டர்தான் என்பதால் ஆன்டெனாவை ஒரு சாண் ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் அந்தக் குழி நகர்ந்துவிடும்.

அடுத்து நிஜ வண்டிகள். சுலபமாகப் படிக்கிற காரை வைத்து யார் வேண்டுமானாலும் பாஸ் ஆகலாம். நான் கேட்பது அந்த அபார்ட்மென்டிலேயே மோசமான வண்டியை. இந்த இடத்தில் அது ஒன்பதாவது மாடி டாக்டரம்மா கார். வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி. டேகை வெளியே எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால் 7 மீட்டரில் படிக்கிறது, உள்ளே ஒட்டினால் அரை மீட்டரில்கூட இல்லை.

“டோல்ல எப்படிம்மா போறீங்க?”

“அங்கயும் இதே ரோதனைதான். ஒரு பையன் கை மெஷினை எடுத்துக்கிட்டு ஓடி வருவான்.”

இந்த மாதிரிக் கண்ணாடிகள் சிலவற்றில், டிரைவர் பின்பக்கம் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளி போட்ட இடத்தில், பூச்சு இல்லாத ஒரு சின்னச் சதுரம் விட்டிருப்பார்கள். அவர் காரிலும் இருந்தது. ஃபாஸ்டேக் அதற்கு நாலு விரல் தள்ளி ஒட்டியிருந்தது. அந்தச் சதுரத்துக்கு நேராக நம் டேக் ஒன்றை ஒட்டினோம், 6 மீட்டரில் படித்தது.

தவறாகத் திறக்கிறதா என்ற சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் தினமும் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ளே வரும் பேரியர் தானாகத் திறந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் பேய் என்றார், முன்னால் மாட்டியவர் சாஃப்ட்வேர் என்றார். நான் போய் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்றேன். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் டேங்கர் வந்து கேட் ஓரமாகச் சாய்வாக நின்று சம்ப்புக்கு பைப் போட்டது. வெளியே போக ஒரு கார் வந்து நின்றது. உள்ளே வரும் பேரியர் எழுந்தது. ரீடரின் அலை டேங்கரின் தகர வயிற்றில் பட்டு, திரும்பி, வெளியே போகும் லேனில் நின்ற காரின் ஃபாஸ்டேகைப் படித்துவிட்டது. ரீடர் 30 டிபிஎம்மில், முழு மூச்சில் இருந்தது. 24-க்கு இறக்கினேன், பேய் போய்விட்டது. அன்றிலிருந்து டேங்கர் நிற்கும் நேரத்தில்தான் கடைசிச் சோதனை. டேங்கர் இல்லாத பெங்களூர் கேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

பவரைக் குறைப்பதோடு ஒரு பூட்டும் போடலாம். தரைக்கடியில் புதைத்து வண்டியின் உலோகத்தை உணரும் லூப் காயில் மேல் வண்டி நின்றால் மட்டும் ரீடர் பேசட்டும் என்று இணைத்துவிடுவது. எதிர் லேன், தெரு, பார்க்கிங் எல்லாம் தானாகக் கழன்றுவிடும். பேரியருக்கு எப்படியும் ஒரு லூப் வெட்டுவார்கள், கூட ஒன்று வெட்டச் சொல்லுங்கள். கட்டைக்கடியில் ஆள் நின்றால் இறங்காமல் இருக்க போட்டோ சென்சாரும் வேண்டும். இதில் மட்டும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கன்னடத்தில் ‘கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க’) கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன்பு ஒப்பந்தத்தில் நான் எழுதச் சொல்வது மீட்டர் கணக்கு அல்ல. 200 தடவை வண்டிகள் கடக்க வேண்டும். இரண்டு தடவைக்கு மேல் படிக்காமல் விடக் கூடாது. தவறாக ஒரு தடவைகூடத் திறக்கக் கூடாது. அதில் மழை நாள் ஒன்று, டேங்கர் நேரம் ஒன்று இருக்க வேண்டும்.

திருச்சிக்காரர் இந்த நிபந்தனைகளை மூன்று பேருக்கும் அனுப்பி, அரை நாள் ரீடரைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டச் சொன்னார். 25 மீட்டர்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. 15 மீட்டர்காரர் வீடியோ அனுப்பினார். 10 மீட்டர்காரர் சொந்த ஏணியோடு வந்தார். நாலு மணி நேரம் அவரோடு நானும் சாக்பீஸ் கோடு போட்டேன். கடைசியில் 12 டிபிஐ பெட்டி, இரண்டேகால் மீட்டர் உயரம், 24 டிபிஎம் என்று முடிந்தது.

ஒரே தகராறு செம்பருத்தியால் வந்தது. மழை பெய்து இலை நனைந்திருந்தபோது மட்டும் 4 மீட்டருக்கு அப்பால் படிக்கவில்லை. ஈர இலை நடுவில் நின்று சிக்னலைத் தின்றது. செடியை வெட்டிவிடலாம் என்றார் ஏணிக்காரர். செயலாளர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: “வீட்ல அம்மா தினம் பூஜைக்குப் பூப்பறிக்கிற செடி தம்பி.”

ரீடர் கம்பத்தை முக்கால் மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டோம்.